பாதிப் பங்கு வசந்தம்

காலண்டர்களிலும் கம்ப்யூட்டர் திரைகளிலும் அடிக்கடி தலைகாட்டும் இடம் இத்தாலியின் டஸ்கனி மாநிலம். அலை அலையாய்க் குன்றுகள், உச்சியில் ஒரு கல் வீடு, சரிவில் திராட்சைக் கொடிகள், நடுநடுவே சாம்பல் பச்சை நிறத்தில் ஆலிவ் மரங்கள். அந்தப் படங்களில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆலிவ் பல நூறு ஆண்டுகள் வாழக்கூடிய மரம். வயதான மரத்துக்கு யானைக்கால் போலப் பருத்த ஒற்றை அடிமரம் இருக்க வேண்டும். ஆனால் டஸ்கனியில் பல தோட்டங்களில் ஒரே தூரிலிருந்து மூன்று நான்கு மெல்லிய தண்டுகள்தான் கிளம்பி நிற்கின்றன.

இதற்கான காரணம் 1985ஆம் ஆண்டு வசந்த காலத்தில் இருக்கிறது. அது வெறும் மரத்தின் கதை அல்ல, கணக்கின் கதையும்கூட. அதைப் புரிந்துகொள்ள ஓர் அறுநூறு ஆண்டுகள் பின்னால் போய், இந்தத் தோட்டங்களில் உழைத்தது யார், பேரேடு எழுதியது யார் என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

டஸ்கனியின் குன்றுகளில் சிறு குடும்பங்கள்தான் விவசாயம் செய்தன. ஆனால் நிலம் அவர்களுடையது அல்ல. மத்திய காலத்தில் வியாபாரத்திலும் வங்கித் தொழிலிலும் பணம் சேர்த்த ஃபுளோரன்ஸ், சியெனா நகரத்துக் குடும்பங்கள் அந்தப் பணத்தைக் கொண்டுபோய்ப் போட்ட இடம் நிலம். வாங்கிய நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடு கட்டி, ஒரு குடும்பத்தைக் குடியேற்றினார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் பொதேரே. விளைவதில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுபவருக்கு. இந்த ஏற்பாட்டின் பெயர் மெட்ஸாத்ரியா. பெயரிலேயே 'பாதி' இருக்கிறது. நம் ஊரில் வாரத்துக்கு விடுவது என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் நம் ஊர் வாரத்தில் வயல் மட்டும்தான் பெரும்பாலும் வாரம். அங்கே வீடு, மாடு, கோழி, கொடி, மரம் எல்லாமே அந்த ஒப்பந்தத்துக்குள் வரும்.

1427ஆம் ஆண்டு ஃபுளோரன்ஸ் குடியரசு வரி விதிப்பதற்காக ஒரு பிரம்மாண்டமான கணக்கெடுப்பு நடத்தியது. கதாஸ்தோ என்று பெயர். சுமார் 60,000 குடும்பங்கள், இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள். யாரிடம் எவ்வளவு நிலம், அதில் யார் உழுகிறார், என்ன விளைகிறது என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். பங்கு உழவர்களுக்குத் தாங்கள் கொடுத்திருந்த கடனையும் நிலக்காரர்கள் அதில் எழுதிக் கொடுத்தார்கள். அதாவது, இந்த முறை எழுத்தில் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்போதே, உழவனின் கடனும் கூடவே நிற்கிறது!

இப்போது படங்களில் பார்ப்பது போல் அன்றைய தோட்டம் வரிசை வரிசையாக இருக்காது. எல்லாம் கலந்து கிடக்கும். வயலில் கோதுமை. வயலோரம் வரிசையாகக் குட்டையாக வெட்டிய மேப்பிள் மரங்கள். அந்த மரங்களின் மேல் திராட்சைக் கொடி ஏறிப் படர்ந்திருக்கும். இடையிடையே ஆலிவ். பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. கொடிக்குக் கொம்பு அந்த மேப்பிள் மரம்தான், அதன் இலை மாட்டுக்குத் தீவனம். ஒரு பயிர் பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். வருடம் முழுக்க வேலையும் இருக்கும்.

அந்த வேலையில் பெரும் பகுதி விழுவது வசந்தத்தில். நம் மாசி பங்குனியில் ஆரம்பித்து வைகாசி வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கொடிக்குக் கவாத்து. குளிர்காலத்தின் கடைசியில், கண் விழிப்பதற்கு முன் முடித்துவிட வேண்டும். வெட்டிய சில நாட்களில் மண் சூடேறியதும், வெட்டுவாயிலிருந்து தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக விழும். வேர் விழித்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். இத்தாலியர்கள் இதைக் 'கொடியின் அழுகை' என்கிறார்கள். பிறகு கொடியை மரத்தோடு கட்ட வேண்டும். கயிறு வாங்கக் காசு ஏது? வாய்க்கால் ஓரத்தில் வளரும் வில்லோ மரத்தின் இளங்குச்சிகளை வெட்டி, நீரில் ஊறவைத்து, அதைத்தான் முறுக்கிக் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான முடிச்சுகள்.

அடுத்து ஆலிவ். உயரமான ஏணி, கையில் வளைந்த வெட்டரிவாள். நடுவில் வெளிச்சம் இறங்குவதற்காக மரத்தைக் கிண்ணம் போலத் திறந்து விடுவார்கள். வெட்டிய தழை ஆட்டுக்கும் முயலுக்கும், கிளை ரொட்டி அடுப்புக்கு. குருத்தோலை ஞாயிறு அன்று நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் தென்னங்குருத்து பிடிப்பது போல அங்கே ஆலிவ் கொத்து. கோவிலில் மந்திரித்த அந்தக் கொத்தைக் கொண்டுவந்து, மே மாதத் தொடக்கத்தில் நாணல் சிலுவையோடு சேர்த்துக் கோதுமை வயலில் நட்டு வைக்கும் வழக்கமும் இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் வசந்தத்தின் வேலை இன்னும் கூடியது. 1850களின் தொடக்கத்தில் சாம்பல் நோய் டஸ்கனிக்கு வந்து ஒயின் விளைச்சலைச் சரித்தது. அதற்கு மருந்து கந்தகத் தூள். அது ஓய்வதற்குள் அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் 1879இல் இத்தாலியில் தென்பட்டது. அதற்கு மருந்து, பிரான்சில் மியார்தே 1885இல் வெளியிட்ட மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. மே மாதம் முதல் முதுகில் செப்புத் தெளிப்பானைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறி இறங்குவதும், சட்டையும் கையும் நீலமாகி வீடு திரும்புவதும் வழக்கமாயிற்று. அந்த மருந்தின் செலவும் பாதிப் பாதி. முதுகு மட்டும் முழுசாக உழவனுடையது.

இத்தனை வேலை நடக்கும் வசந்தத்தில் வீட்டில் என்ன இருந்தது? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. கோதுமை அறுவடை ஜூன் கடைசியில், திராட்சை செப்டம்பர் அக்டோபரில், ஆலிவ் நவம்பருக்கு மேல். போன வருடத்துத் தானியம் மார்ச், ஏப்ரலில் அடி தட்டிவிடும். அப்போது போக வேண்டிய இடம் பண்ணைக் களஞ்சியம். அங்கே நிலக்காரர் சார்பில் ஃபத்தோரே என்னும் காரியஸ்தர் இருப்பார். அவர் தானியத்தை அளந்து கொடுத்துவிட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு லூக்கா பச்சோலி என்ற பெயர் தெரிந்திருக்கும். இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சிட்ட புத்தகத்தில் விளக்கியவர், 1494இல். அவர் பிறந்த சான்செபோல்க்ரோ இதே டஸ்கனியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த மண். அந்த மண்ணில் பொதேரே ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. பண்ணையில் இருக்கும் பதிவின் நகலாக உழவன் வீட்டிலும் ஒரு சிறு ஏடு. கடன் தானியம், மருந்தில் பாதி, விதையில் பாதி, மாட்டு விலையில் ஏற்ற இறக்கம் எல்லாம் அதில் ஏறும். வருடத்துக்கு ஒரு முறை கணக்கு நேர் செய்வார்கள். உழவனிடம் நகல் இருந்தது உண்மைதான். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அவர்களில் அதிகம். இரண்டு ஏடு இருந்தும் எழுதிய கை ஒன்றுதான்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தானியத்தின் விலை அறுவடைக்கு முன் உச்சத்தில் இருக்கும், அறுவடை முடிந்ததும் விழும். வசந்தத்தில் வாங்கிய பத்துப் படியை வசந்த விலைக்குப் பணமாக எழுதி, ஜூலையில் ஜூலை விலைக்குத் தானியமாகத் திருப்பினால், பத்துப் படி கொடுத்துக் கடன் தீராது. வட்டி என்ற சொல்லே ஏட்டில் வராது. விலை வித்தியாசமே வட்டியாகிவிடும்.

கையில் கொஞ்சம் காசு புரண்டது என்றால் அது பெரும்பாலும் பெண்கள் உழைப்பில்தான். ஏப்ரல் கடைசியில் மல்பெரி தளிர்க்கும்போது பட்டுப்புழு முட்டையைத் துணியில் முடிந்து நெஞ்சோடு வைத்து, உடம்புச் சூட்டிலேயே பொரிக்க வைப்பார்கள். பிறகு ஒரு மாதம் போல வீடே புழுக்களுக்குத்தான். ஜூனில் கூடு விலை போகும், அதிலும் பாதி நிலக்காரருக்கு. ஃபுளோரன்ஸைச் சுற்றிய சமவெளியில் வைக்கோல் பின்னும் தொழிலும் இருந்தது. டஸ்கனி வைக்கோல் தொப்பி ஒரு காலத்தில் லண்டன் வரை பிரபலம். பின்னுவதில் வரும் கூலி பங்குக் கணக்கில் சேராது, பெண்ணின் சீர்ப்பணத்துக்கு உதவும். அந்தக் கூலியையும் வியாபாரிகள் அடிமட்டத்துக்குக் குறைத்தபோது, 1896 மே மாதத்தில் பின்னும் பெண்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

இந்தப் பாதிப் பங்கு முறையைப் பொருளாதார அறிஞர்கள் விட்டுவைக்கவில்லை. ஆடம் ஸ்மித் 1776இல் இதைக் கடுமையாக விமர்சித்தார். தன் சேமிப்பைப் போட்டு நிலத்தை மேம்படுத்தினால் விளையும் கூடுதலில் பாதி அடுத்தவனுக்குப் போகும் என்றால் எந்த உழவன் அதைச் செய்வான் என்பது அவர் வாதம். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் ஏறக்குறைய இதையே இன்னும் கணிதமாகச் சொன்னார். படிக்கும்போது மறுக்க முடியாத வாதமாகத்தான் தெரிகிறது.

ஆனால் சிஸ்மோந்தி பார்த்தது வேறு. ஜெனீவாக்காரரான இவர் பிரெஞ்சுப் புரட்சிக் கலவரங்களுக்குத் தப்பிக் குடும்பத்தோடு டஸ்கனிக்கு வந்து, பெஷ்யா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறு பண்ணை வாங்கினார். அங்கே பார்த்ததை வைத்து 1801இல் டஸ்கனி விவசாயம் பற்றிப் புத்தகம் போட்டார். சோம்பேறிகள் என்று சொல்லப்பட்டவர்கள் குன்றுச் சரிவைப் படிப்படியாகச் செதுக்கி, கல்லடுக்கி, மண்ணை முதுகில் சுமந்து மேலே ஏற்றி, மரத்தைப் பிள்ளை போல் வளர்ப்பதைப் பார்த்தவர் அவர். ஜான் ஸ்டூவர்ட் மில் 1848இல் இந்த முறை பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதியபோது சிஸ்மோந்தியைத்தான் சாட்சிக்கு அழைத்தார்.

இருவரில் யார் சொன்னது சரி? 1974இல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் எழுதிய கட்டுரை இந்த விவாதத்தை வேறு பக்கம் திருப்பியது. பங்கு முறை உழைப்புக்கான ஊக்கத்தைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் அது நஷ்டத்தையும் பங்கு போடுகிறது. ஆலங்கட்டி மழை கொடியை அடித்துப் போட்டால், குத்தகைக்காரன் முழுக் குத்தகையையும் கட்டியாக வேண்டும். பங்குக்காரன் இல்லாததில் பாதி கொடுத்தால் போதும்! கையில் சேமிப்பே இல்லாத குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இருந்தாலும் கொடியையும் ஆலிவையும் வைத்துப் பார்த்தால் இதிலும் ஒரு இடைவெளி தெரிகிறது. கோதுமைக்கு இந்தக் கணக்கு பொருந்தும், ஏனெனில் விதைத்த வருடமே அறுத்துவிடலாம். ஆலிவ் அப்படி இல்லை. போன வருடம் துளிர்த்த கிளையில்தான் இந்த வருடம் காய் வரும். இந்த வசந்தத்தில் செய்யும் கவாத்தின் பலன் இந்த வருடத்தோடு முடியாது, அடுத்த வருடத்துக்கும் அதற்கு அடுத்ததற்கும் போகும். புதுக் கன்று நட்டால் நல்ல மகசூலுக்குப் பதினைந்து இருபது வருடம் காத்திருக்க வேண்டும். மரத்தின் ஆயுள் நூற்றாண்டுக் கணக்கில். உழவனின் ஒப்பந்தமோ பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு. பழத்தைப் பங்கு போட ஒப்பந்தம் இருந்தது, மரத்தைப் பங்கு போட இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் ஏணி மேல் நின்று வெட்டிய உழைப்பில் பெரும்பகுதி மரத்துக்குள் போய்ச் சேர்ந்தது, மரம் நிலக்காரருடையது.

நிலக்காரர்களுக்கும் இது தெரியும். வெளியேறப் போகும் உழவன் கொடியில் அதிகக் கண்களை விட்டுக் கவாத்து செய்தால் இந்த வருடம் காய் குலுங்கும், பிறகு கொடி ஓய்ந்துபோகும். அந்தப் பயம் அவர்களுக்கு. அதனால்தான் காரியஸ்தரின் கண்காணிப்பு. கோசிமோ ரிதோல்ஃபி என்ற பிரபு 1834இல் மெலேத்தோ என்ற இடத்தில் விவசாயப் பள்ளி தொடங்கியதற்கும் திறமையான பண்ணை மேலாளர்கள் வேண்டும் என்ற தேவை பின்னால் இருந்தது. கண்காணிப்பு வயலோடு நிற்கவில்லை. வீட்டில் ஒரு கல்யாணம் என்றால்கூட நிலக்காரரின் சம்மதம் வேண்டும், ஏனெனில் சாப்பிடும் வாயும் உழைக்கும் கையும் எத்தனை என்பது அவர் கணக்கு. பண்டிகைக்குச் சேவல், முட்டை என்று மரியாதையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் இத்தனை ஒழுங்காக உழைத்தார்கள்? பல குடும்பங்கள் அதே வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தன, அதனால் வந்த பாசம் ஒரு காரணம். போக வேறு இடம் இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். இதற்கு அத்தாட்சி, போக இடம் கிடைத்ததும் என்ன நடந்தது என்பதில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பங்கு உழவர்கள் போராட ஆரம்பித்தார்கள். 1946இல் பிரதமர் தெ காஸ்பெரி ஒரு சமரசத் தீர்ப்புக் கொடுத்தார். 1947 ஏற்பாட்டில் உழவர் பங்கு 53 சதவீதம் ஆனது. மூன்றே மூன்று சதவீதம்தான், ஆனால் நூற்றாண்டுகளாக அசையாத பாதி அப்போது அசைந்தது. 1964 செப்டம்பரில் வந்த சட்டம் அதை 58 சதவீதமாக்கியதோடு, இனிமேல் புதிதாக மெட்ஸாத்ரியா ஒப்பந்தமே போடக்கூடாது என்றது. 1982இல் வந்த சட்டம் மிச்சம் இருந்தவற்றையும் குத்தகையாக மாற்ற வழி செய்தது.

சட்டம் வந்து சேர்வதற்குள் ஆட்கள் போய்விட்டார்கள் என்பதுதான் சோகம். 1950களிலும் 60களிலும் பிராத்தோ நெசவாலைகளும் ஃபுளோரன்ஸைச் சுற்றிய பட்டறைகளும் மாதச் சம்பளம் கொடுத்தன. 1956 பிப்ரவரியில் ஒரு கடும் உறைபனி ஆலிவ் மரங்களை வாட்டியது. பலருக்கு அது கடைசி அடி. குன்றுகளில் வீடுகள் வரிசையாகக் காலியாயின. சிலவற்றைச் சார்டினியாத் தீவிலிருந்து வந்த ஆட்டு மந்தைக்காரர்கள் வாங்கினார்கள், சிலவற்றை ஆங்கிலேயர்கள் விடுமுறைக்கு வாங்கினார்கள். பல இடங்களில் மேப்பிள் மரங்களைப் பிடுங்கிவிட்டு டிராக்டர் ஓடுவதற்குத் தோதாகக் கம்பி கட்டிய திராட்சை வரிசைகள் வந்தன. காலண்டரில் வரும் 'பழமையான' காட்சியின் வயது அவ்வளவுதான்.

போகாமல் நின்ற குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு உதவியது 1965இல் வந்த இன்னொரு சட்டம். நிலம் விற்பனைக்கு வந்தால் அதை உழுபவருக்கே முதல் உரிமை. வாங்குவதற்கு 40 வருடக் கடன், வட்டி 1 சதவீதம். இது சலுகை என்பதைத் தாண்டி ஒரு விஷயம் இதில் இருக்கிறது. ஆலிவ் மரத்தின் வேகத்தோடு ஒத்துப்போகும் ஓர் ஒப்பந்தம் அந்த உழவர்கள் கைக்கு வந்தது அப்போதுதான். நட்டுக் காத்திருந்து காய் பறித்துத் தவணை கட்டக் காலம் இருந்தது. சிறு குடும்பத்தின் சொந்தத் திராட்சைத் தோட்டமும் ஆலிவ்த் தோப்பும் என்று இன்று டஸ்கனியில் இருப்பவற்றில் எத்தனையோ இப்படி உருவானவைதான்.

பிறகு 1985 வந்தது.

ஜனவரி மாதத்தின் முதல் பாதியில் பனி கொட்டியது. அதன் மேல் வானம் தெளிந்து, ஃபுளோரன்ஸ் பக்கம் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போனது. குளிரில் தூங்கும் திராட்சைக் கொடி ஓரளவு தாங்கும். ஆலிவ் தாங்காது. அதற்கு இலையுதிர்ந்து தூங்கும் பழக்கம் இல்லை. ஆனால் மரம் செத்துவிட்டதா இல்லையா என்று ஜனவரியில் யாராலும் சொல்ல முடியாது. அதற்கு வசந்தம் வர வேண்டும். மார்ச் வந்தது. கொடிகள் வழக்கம்போல வெட்டுவாயில் அழுதன. ஆலிவ் இலைகள் பழுப்பாகி உதிர்ந்தன, பட்டை நெடுகப் பிளந்து கிடந்தது. லட்சக்கணக்கான மரங்கள். கவாத்துக்கு ஏணி எடுக்கும் அதே வாரங்களில் இந்த முறை ரம்பத்தை எடுத்து, தாத்தா காலத்து மரங்களை அடியோடு, தரை மட்டத்தில் அறுத்தார்கள்.

1968இல் 40 வருடக் கடனில் நிலம் வாங்கிய ஒரு குடும்பத்துக்கு அந்த வசந்தத்தில் இன்னும் 23 வருடத் தவணை பாக்கி இருந்திருக்கும். முன்பு என்றால் நஷ்டத்தில் பாதி நிலக்காரர் தலையில் விழுந்திருக்கும். ஸ்டிக்லிட்ஸ் சொன்ன அந்தப் பாதுகாப்பு இப்போது இல்லை. நஷ்டம் முழுவதும் சொந்தம்.

ஆலிவ் மரத்தின் மேல்பகுதி செத்தாலும் வேர்த்தூர் லேசில் சாவதில்லை. அறுத்த இடத்தைச் சுற்றி, மண்ணை ஒட்டி, புதிய தளிர்கள் புதராகக் கிளம்பின. அடுத்தடுத்த வசந்தங்களில் அவற்றில் மூன்று நான்கை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றை வெட்டினார்கள். மறுபடி காய் பறிக்கப் பல வருடங்கள் ஆயின. அதே 1985 டிசம்பரில் பண்ணை வீட்டில் விருந்தினரைத் தங்கவைத்து வருமானம் பார்க்க அனுமதிக்கும் சட்டமும் வந்தது. மரம் வளரும் வரை சில குடும்பங்களுக்கு அதுவும் ஒரு கைப்பிடி ஆயிற்று. அன்று நிறுத்திய தளிர்களுக்கு இன்று நாற்பது வயது. ஒவ்வொரு மார்ச்சிலும் அவற்றின் மேல்தான் ஏணி சாத்துகிறார்கள். எண்ணெய் ஆட்டிய பிறகு பாதியை அளந்து ஒதுக்கி வைக்கும் வேலை இப்போது கிடையாது.